விரலில் நோய், முதுகில் வேர்: முண்ணாணை மனிதன் அறிந்த வரலாறு



உங்கள் வலக் கையின் சுண்டு விரலைச் சற்று அசைத்துப் பாருங்கள். அதற்கான ஆணை மூளையின் இடப் பக்கத்தில் பிறக்கிறது. நீள்வளைய மையவிழையத்தில் மறுபக்கத்துக்குக் கடந்து, முண்ணாண் வழியே கழுத்தினுள் இறங்கி, அங்கிருந்து நரம்பின் வழியாகத் தசையை அடைகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தேறும் இப்பயணத்தின் பாதையை அறிந்துகொள்ள மனித குலத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த வரலாற்றில் முஸ்லிம் உலகின் வைத்தியர்களுக்கும் உரிய இடமுண்டு. அதனை மிகைப்படுத்தாமலும் குறைத்து மதிப்பிடாமலும் அறிந்துகொள்வதே நியாயமாகும்.

1862ஆம் ஆண்டு எகிப்தின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் ஒரு பழைய பப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். அது ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட பிரதியாகும். அதில் காயமுற்ற 48 நோயாளரின் விபரங்கள் உள்ளன. கழுத்தெலும்பு விலகியதால் கை கால்களின் உணர்வை இழந்த ஒருவரும் அவர்களுள் அடங்குவார். அவருடைய நோய் சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என்று அந்தப் பண்டைய வைத்தியர் முடிவு செய்தார். அடிபட்டது கழுத்தில், செயலிழந்தது காலில் என்பதை அவர் கண்டார். ஆனால் ஏன் என்பதை அறியவில்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் உணர்வின் இருப்பிடம் இதயமே என்றும், மூளை இரத்தத்தின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்றும் கருதினார். இக்கருத்தை வலுவாக மறுத்தவர்களுள் முக்கியமானவர் கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்த கேலன். அரபு நூல்கள் இவரை ஜாலீனூஸ் என்று அழைக்கும். விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் வெட்டிப் பார்த்த இவர், வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள பாகங்களே செயலிழக்கின்றன என்று நிறுவினார்.

அவரிடம் ஒரு நோயாளி வந்தார். இடக் கையின் சுண்டு விரலும், மோதிர விரலும், நடுவிரலில் பாதியும் அவருக்கு மரத்துப் போயிருந்தன. ஏனைய வைத்தியர்கள் விரல்களுக்கே மருந்து பூசி வந்தார்கள், பயன் கிடைக்கவில்லை. கேலன் துருவி விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்து மேல் முதுகில் அடிபட்ட செய்தி வெளியானது. அவர் மருந்தை விரலிலிருந்து முதுகுக்கு மாற்றினார், நோயாளி குணமடைந்தார். நோய் தோன்றும் இடம் வேறு, அதன் வேர் இருக்கும் இடம் வேறு என்பதை வைத்திய உலகம் இவ்வாறு கற்றுக்கொண்டது.

இந்த அறிவு அழிந்துபோகாமல் காத்த நகரங்களுள் பக்தாத் தலையாயது. அங்கு ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர், கேலனின் நூல்கள் பலவற்றைச் சிரியாக் மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். அறிவுக்கு மத வேற்றுமை பார்க்காத சூழல் அங்கு நிலவியதற்கு இது சான்றாகும். பின்னர் இப்னு ஸீனா (980-1037) தமது ‘அல்கானூன்’ என்ற நூலில் மூளை, முண்ணாண், நரம்புகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

குர்துபாவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீப்’ நூலின் இறுதிப் பாகத்தை அறுவைச் சிகிச்சைக்கென ஒதுக்கினார். கழுத்தெலும்பு முறிந்தவரின் கைகள் துவண்டு, ஊசியால் குத்தினாலும் வலி உணரப்படாவிட்டால், அவர் பிழைப்பது அரிது என்று அதில் குறிப்பிடுகிறார். இன்றைய வைத்தியரும் தோலில் குத்திப் பார்த்தே முண்ணாண் எந்த மட்டத்தில் பாதிக்கப்பட்டது என்பதைச் சோதிக்கிறார்.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. மூளையின் உள்ளறைகளில் கற்பனை, சிந்தனை, நினைவு என்பன தனித்தனியே குடியிருக்கின்றன என்ற பழைய தவறான கொள்கையை இப்னு ஸீனாவும் தொடர்ந்தார். மகத்தான அறிஞரும் மனிதரே. அவருடைய தவறைத் திருத்துவது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு அன்று. அவர் தொடங்கிய பணியைத் தொடர்வதாகும்.

அப்பணி ஐரோப்பாவில் தொடர்ந்தது. சார்ள்ஸ் பெல் 1811இலும், மாஜந்தி 1822இலும் செய்த ஆய்வுகளால், முண்ணாணின் முன்வேர்கள் அசைவுக்கும் பின்வேர்கள் உணர்வுக்கும் உரியவை என்பது தெளிவாயிற்று. மொரீசியஸ் தீவில் பிறந்த பிரவுன் செக்கார், முண்ணாணின் ஒரு பாதி அறுபட்டால் அதே பக்கத்தின் அசைவும், எதிர்ப்பக்கத்தின் வலியுணர்வும் இழக்கப்படும் என்று காட்டினார். ஆணை இறங்கும் பாதையும் வலி ஏறும் பாதையும் வெவ்வேறு இடங்களில் பக்கம் மாறுவதே இதற்குக் காரணம். 1861இல் பாரிஸ் நகரின் போல் புரோக்கா, பேச்சை இழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, மூளையத்தின் இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார்.

இவ்வளவு அறிந்தும், முதலாம் உலகப் போரில் முண்ணாண் முறிந்த படைவீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் இந்நிலையை மாற்றினார். நோயாளரை இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். விளையாடவும் தொழில் செய்யவும் பழக்கினார். 1948இல் அவர் தொடங்கிய சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டியே பின்னர் பராலிம்பிக்காக வளர்ந்தது. மற்றொரு வைத்தியரான ஹியூ கெய்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிய படைவீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941இல் எழுதினார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் அதனைக் கட்டாயமாக்கியது.

இளைஞர்களே! பெரியவரின் முண்ணாண் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளமும் ஒரு சுண்டு விரலின் பருமனுமே உடையது. முற்றாக அறுபட்டால் அதனை மீண்டும் இணைக்கும் வைத்தியம் இன்றுவரை இல்லை. “பள்ளிவாசல் பக்கத்தில்தானே இருக்கிறது” என்று சொல்லித் தலைக்கவசமின்றிப் புறப்படும்போது இதனை எண்ணிப் பாருங்கள். பெற்றோர்களே! தலைக்கவசம் அணியாத பிள்ளையிடம் வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மரத்திலிருந்து விழுந்தவரையும் வீதியில் மோதுண்டவரையும் இரக்கத்தோடு ஓடிச்சென்று தூக்குகிறோம். முச்சக்கர வண்டியில் மடக்கி உட்கார வைக்கிறோம். முள்ளந்தண்டு முறிந்தும் முண்ணாண் தப்பியிருக்கும் ஒருவரை அந்த அவசரமே நிரந்தர நோயாளியாக்கி விடக்கூடும். தீ, வாகனப் போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் அவரை அசைக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் கைகளால் அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். அவர் மூச்சு விடுகிறாரா என்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் சகோதரனின் உடலும் அவ்வாறே. எகிப்திய வைத்தியருக்குக் காரணம் தெரியாது. அஸ்ஸஹ்ராவிக்குத் தப்ப வைக்கும் வழி தெரியாது. நமக்கு இரண்டும் ஓரளவு தெரியும். தெரிந்தபின் அதன்படி நடப்பதே அவர்களுடைய உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.