மூன்று தீர்த்தமும் ஒரு மண்டலமும்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே உளி சத்தம் கேட்கிற ஊர் திருமுருகன்பூண்டி. சிற்பக்கூடங்களுக்குப் பெயர்போனது. சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரிடம், சிவனே தன் பூதங்களை வேடர்களாக அனுப்பி வழிப்பறி செய்த இடம் என்பது பெரியபுராணக் கதை. ஆனால் சுற்றுவட்டார ஜனங்களுக்கு இந்தக் கோயில் வேறு காரணத்துக்காக முக்கியம். "புத்தி பேதலிச்சிருந்தா பூண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள்.

காரணம் தலபுராணத்தில் இருக்கிறது. சூரனைக் கொன்ற முருகனைப் பிரம்மஹத்தி பிடித்தது. இங்கே வந்து சிவனை வழிபட்டதும் விட்டது. சாமியையே பிடித்த ஒன்று மனுஷனைப் பிடித்தால் அதில் என்ன அவமானம்? சண்முக தீர்த்தம், ஞான தீர்த்தம், பிரம்ம தீர்த்தம் என்று மூன்று தீர்த்தங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், குளித்துச் சாமி கும்பிட்டால் தெளியும் என்பது நம்பிக்கை.

அயர்லாந்தின் கெர்ரி பகுதியிலும் இப்படியொரு இடம் உண்டு. கிளான் நா நியால்ட், 'பித்தர்களின் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். மனம் கலங்கியவர்கள் அங்குள்ள ஊற்றின் தண்ணீரைக் குடித்து, அதில் வளரும் கீரையைத் தின்றால் குணமாவார்கள் என்று நம்பினார்கள். அந்தத் தண்ணீரில் லித்தியம் இருப்பதாக இப்போது பேசுகிறார்கள். 1949-லிருந்து மனநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தேடலாம். எனக்கு அந்த 48 நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. அத்தனை நாளும் ஒருத்தர் வேலைக்குப் போகாமல் கூடவே இருக்கணும். குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு அது லேசான செலவில்லை.

அந்தத் துணை இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை ஏர்வாடி காட்டியது. அங்கே தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. தப்பி ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு அரசு மருத்துவர்களின் மருந்தும் கிடைக்க ஏற்பாடானது.

கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவேண்டியதில்லை. தீர்த்தக்கரைக்குக் கூட்டிப்போன அதே கை, மாத்திரையையும் நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தால் போதும்.