கட்சிக்காரரின் மறைமொழியும் வழக்கறிஞரின் கடமையும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்தது பண்டார் பாரு. அதன் அண்டையில் உள்ளவை பினாங்கும் பேராவும். ஆங்கிலேயர் காலத்தில் இம்மூன்றும் மூவகை ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1950 மே 23இல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமே மூன்றிடத்தும் ஒரே விதியை நிலைநாட்டியது. அதற்கு மூலமாக அமைந்தது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதனை வரைந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்.

கட்சிக்காரர் தம்மிடம் கூறியதை அவருடைய வெளிப்படையான இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது இச்சட்டத்தின் 126ஆம் பிரிவு. வழக்கு முடிந்த பின்னரும் இக்கடமை நீங்காது. 127ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரையும், வழக்கறிஞரின் எழுத்தர், பணியாளரையும் இவ்விதிக்குள் அடக்குகின்றது. தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் பிறர் வாய்வழியாகத் தம் வழக்கை எடுத்துரைக்கும்போது, இதனால் பெறும் காப்பு சிறிதன்று.

எனினும் இக்காப்புக்கு எல்லை உண்டு. "பொய்ப்பத்திரம் எழுதிவிட்டேன்; எனக்காக வாதாடுங்கள்" என்பவரின் சொல் காக்கப்படும். "பொய்ப்பத்திரத்தைக் கொண்டு நிலத்தைப் பெற்றுத் தாருங்கள்" என்பவரின் சொல் காக்கப்படாது. முன்னது நடந்துவிட்ட குற்றம். பின்னது நடக்கவிருக்கும் குற்றம். சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளின் கருத்து இதுவே.

இங்கிலாந்தில் 1884இல் காக்ஸ், ரெயில்டன் என்னும் இருவர் வழக்கில் இவ்வெல்லை மேலும் தெளிவாயிற்று. நீதிமன்றத் தீர்ப்பின்படி செலுத்த வேண்டிய பணத்தைத் தவிர்க்க அவர்கள் சொத்தை மாற்றி எழுதினர். முன்னதாக அவர்கள் கலந்தாலோசித்த வழக்கறிஞருக்கு அவர்தம் வஞ்சகம் தெரியாது. ஆயினும் அவர் அளித்த சாட்சியம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பை வழங்கியவர், அப்போது நீதிபதியாக இருந்த அதே ஸ்டீபன்!

வழக்கறிஞரே குற்ற விசாரணைக்கு உள்ளானால் யாது செய்வது? இக்காப்பு கட்சிக்காரருக்கு உரியது. வழக்கறிஞர் தம் குற்றத்தை மறைக்கும் கேடயம் அன்று. ஆயின் அவருடைய பேழையில் குற்றமற்ற பிறருடைய தாள்களும் உள்ளனவே! அங்குதான் இடர்ப்பாடு எழுகின்றது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 2009, தன் 46ஆம் பிரிவில் இதற்கு ஒரு வழி வகுத்தது. பறிமுதலுக்குரிய சொத்துப் பற்றிய தகவலை வழக்கறிஞரிடமிருந்து பெற உயர்நீதிமன்ற நீதிபதி ஆணையிடலாம். நிலுவையிலுள்ள வழக்கிற்காக அவர் அறிந்த மறைமொழியை அவ்வாணை தொடாது.

இந்தியாவில் 2025இல் அமலாக்கத்துறை, சென்னை மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அழைப்பாணை அனுப்பிப் பின்னர் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 31இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தில் சொன்ன விலக்குகளுக்கு உட்பட்டாலன்றிக் கட்சிக்காரரின் வழக்குச் செய்தியைக் கேட்டு வழக்கறிஞரை அழைக்கலாகாது என்றது. விலக்கைச் சுட்டி அழைப்பதற்கும் மேலதிகாரியின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்றது.

குற்றம் புரிந்த வழக்கறிஞர் தப்பலாகாது. அவரை நம்பி உண்மையுரைத்த எளியோர் அவரோடு சேர்ந்து அகப்படலும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே சட்டத்தின் நோக்கம்.