சயனோஜென்மோடும் மூடிய மூலச் செயலிகளும்

சயனோஜென்மோட் என்பது ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலைக் கொண்டு தன்னார்வ நிரலாளர்கள் உருவாக்கிய மாற்றுத் திறன்பேசி இயங்குதளம் ஆகும். இது 2009 முதல் 2016 வரை வெளிவந்தது. உற்பத்தியாளர்கள் கைவிட்ட பல பேசிகளுக்கு ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளைக் கொண்டுவந்தது இதன் பெரும் பணி. ஆயினும் இதன் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்த சிக்கல் இயங்குதளத்தைப் பற்றியதன்று. அதில் இயங்கும் செயலிகளைப் பற்றியது.

பின்னணி

முதல் ஆண்ட்ராய்டு பேசியான ஹெச்டிசி டிரீம் 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதே மாதம் ஆண்ட்ராய்டின் மூலநிரலும் வெளியிடப்பட்டது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்திலும், மற்றவை பெரும்பாலும் அப்பாச்சி 2.0 உரிமத்திலும் இருந்தன. ஜிபிஎல் நிரலை மாற்றி விநியோகிப்பவர் மாற்றிய மூலநிரலையும் தர வேண்டும். அப்பாச்சி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

வாங்கியவர் கையில் இருந்த பேசியில் இருவகைச் செயலிகள் கலந்திருந்தன. உலாவி, தொடர்புகள், இசை இயக்கி, கேமரா போன்றவை திறந்த மூலத்தோடு வந்தவை. ஜிமெயில், கூகுள் மேப்ஸ், யூடியூப், பிற செயலிகளைத் தரவிறக்க உதவிய ஆண்ட்ராய்டு மார்க்கெட் ஆகியவை கூகுளின் மூடிய மூலச் செயலிகள். உற்பத்தியாளர்கள் இவற்றுக்குக் கூகுளிடம் தனி உரிமம் பெற வேண்டும். திரையில் எல்லாமே ஒரே மாதிரிச் சின்னங்களாகத் தெரிந்ததால், பயனர்களில் பலருக்கு இந்த வேறுபாடே தெரியாது.

2009ஆம் ஆண்டு அறிவிப்பு

அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கோண்டிக், சயனோஜென் என்ற புனைபெயரில், ஹெச்டிசி டிரீமுக்காக மாற்றியமைத்த ஆண்ட்ராய்டை 2009இல் வெளியிடத் தொடங்கினார். அதில் கூகுளின் செயலிகளும் சேர்ந்தே இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில், அவற்றை விநியோகிப்பதை நிறுத்தும்படி கூகுள் அவருக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. ஏற்கெனவே உரிமம் பெற்ற பேசிகளில்தானே இவை மீண்டும் நிறுவப்படுகின்றன என்று பயனர்கள் வாதிட்டனர். செயலிகள் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தைச் சேர்ந்தவையல்ல என்பது கூகுளின் நிலைப்பாடு. பதிப்புரிமைச் சட்டப்படி கூகுளின் வாதத்தில் குறை காண்பது கடினம். ஆனால் மார்க்கெட் இல்லாத ஆண்ட்ராய்டு அன்று பெரும்பாலோருக்குப் பயன்படாத ஒன்று என்பதும் உண்மை.

கோண்டிக் கண்ட தீர்வு எளிமையானது. சயனோஜென்மோட் மூடிய செயலிகள் இன்றி வெளிவரும். பயனர் தம் பேசியில் முன்பே இருந்த கூகுள் செயலிகளைக் காத்துவைத்து மீண்டும் சேர்த்துக்கொள்வார். பின்னாளில் இதுவே ‘ஜிஆப்ஸ்’ என்ற தனித் தொகுப்பாக மாறியது. இயங்குதளத்தை நிறுவிய கையோடு ஜிஆப்ஸையும் நிறுவுவது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆயிற்று.

இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்களும் இருந்தனர். 2010இல் தொடங்கிய ரெப்ளிகன்ட் திட்டம், மூடிய மூல இயக்கிகளைக்கூட நீக்கிய ஆண்ட்ராய்டை உருவாக்க முயன்றது. அதற்கு விலையாகச் சில பேசிகளில் வைஃபை போன்ற வசதிகளை இழக்க நேர்ந்தது. அதே ஆண்டு பிரித்தானிய நிரலாளர் கியாரன் கல்ட்னீக்ஸ் தொடங்கிய எஃப்-டிராய்டு, கட்டற்ற செயலிகளை மட்டுமே வழங்கும் களஞ்சியம். செயலிகளை மூலநிரலிலிருந்து தானே தொகுத்துத் தருவதும், ஒரு செயலி பயனரைப் பின்தொடர்ந்தாலோ மூடிய சேவையைச் சார்ந்திருந்தாலோ அதைக் குறிப்பிட்டு எச்சரிப்பதும் அதன் வழக்கம்.

எல்லை நகர்தல்

2009ஆம் ஆண்டுக் கடிதமே அதிகம் பேசப்பட்டாலும், அதைவிடப் பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. கூகுள் தன் மூடிய மூல இசை, விசைப்பலகை, கேமரா செயலிகளை வளர்க்க வளர்க்க, அவற்றின் திறந்த மூல வடிவங்கள் தேங்கின. சயனோஜென்மோட் ‘அப்போலோ’ என்ற இசை இயக்கியைச் சேர்த்து இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. 2012இல் வந்த கூகுள் பிளே சேவைகள் இன்னும் ஆழமாகச் சென்றன. அறிவிப்புகளை அனுப்புதல், இருப்பிடம் அறிதல் போன்ற வேலைகளுக்குப் பிற நிறுவனங்களின் செயலிகளும் இந்த மூடிய மூலப் பகுதியை நம்பத் தொடங்கின.

இதனால் செயலி திறந்த மூலமாக இருந்தாலும் போதாது என்ற நிலை வந்தது. சிக்னல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூலநிரல் யாரும் படிக்கக்கூடியது. எனினும் செய்தி வந்ததை அறிவிக்க அது கூகுளின் சேவையைச் சார்ந்திருந்தது. பிளே சேவைகள் இல்லாத பேசிகளிலும் இயங்கும் வசதி அதற்கு 2017இல்தான் வந்தது.

நிறுவனமும் ஃபோகல் சர்ச்சையும்

2013 செப்டம்பரில் கோண்டிக்கும் பிறரும் சயனோஜென் என்ற நிறுவனத்தை அறிவித்தனர். உடனே மோதல் உள்ளிருந்தே எழுந்தது. கியோம் லெஸ்னியாக் என்ற நிரலாளர் சயனோஜென்மோடுக்காக ‘ஃபோகல்’ என்ற கேமரா செயலியை ஜிபிஎல் உரிமத்தில் எழுதியிருந்தார். நிறுவனம் அதை வணிக உரிமத்திலும் பயன்படுத்த அனுமதி கேட்டது. சமூகத்துக்கு ஜிபிஎல், நிறுவனத்துக்கு வேறு உரிமம் என இரட்டை உரிமம் தரலாம் என்பது கோண்டிக்கின் யோசனை. சமூகத்துக்காக எழுதியதை மூடிய பொருளாக்க வழிவிட லெஸ்னியாக் உடன்படவில்லை, ஃபோகல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊதியமின்றி எழுதிய பலருக்கு, தம் நிரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது எழுப்பியது.

அடுத்து நடந்தது ஒரு விசித்திரம். ஒருகாலத்தில் கூகுள் செயலிகளை விநியோகித்ததற்காகச் சட்ட அறிவிப்பு பெற்ற இயங்குதளம், ஒப்போ என்1, ஒன்பிளஸ் ஒன் ஆகிய பேசிகளில் அதே செயலிகளுடன் முறையான உரிமத்தோடு வந்தது. 2014 டிசம்பரில் இந்தியாவில் மைக்ரோமேக்ஸுக்குத் தனியுரிமை அளித்தது தொடர்பாக, ஒன்பிளஸ் விற்பனை மீதான வழக்கு தில்லி உயர் நீதிமன்றம்வரை சென்றது. நிறுவனத்தின் வணிகப் பதிப்பான சயனோஜென் ஓஎஸ்ஸில் சொந்த மூடிய மூலச் செயலிகளும் சேர்ந்தன. சயனோஜென்மோட் பயனர்கள் அவற்றை ‘சி-ஆப்ஸ்’ என்ற தனித் தொகுப்பாக நிறுவ வேண்டியிருந்தது. ஜிஆப்ஸின் மறுபதிப்பு போன்றது அது.

லீனியேஜ்ஓஎஸ்

2016 டிசம்பர் இறுதியில் நிறுவனம் தன் சேவைகளை நிறுத்தியது. பெயரும் வணிகக்குறியும் நிறுவனத்துடையவை. நிரலோ திறந்த மூலம். ஆகவே தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ்ஓஎஸ் என்ற புதுப்பெயரில் தொடர்ந்தனர். இதிலும் கூகுள் செயலிகள் கிடையாது. வேண்டுவோர் தனியே நிறுவலாம்.

பிளே சேவைகளுக்குத் திறந்த மூல மாற்றாக மார்வின் விஸ்ஃபெல்ட் உருவாக்கிய மைக்ரோஜி, கூகுளின் கையொப்பத்தைத் தன்னுடையதாகக் காட்டினால்தான் முழுமையாக இயங்கும். பாதுகாப்பைக் காரணம் காட்டி லீனியேஜ்ஓஎஸ் இதற்கு நெடுங்காலம் இடந்தரவில்லை. எனவே மைக்ரோஜியைச் சேர்த்த தனிப் பதிப்பு ஒன்று 2017இல் பிரிந்து வந்தது. 2024இல் லீனியேஜ்ஓஎஸ் அந்தத் தடையை மைக்ரோஜிக்கு மட்டும் தளர்த்தியது. எனினும் கூகுளின் சான்று பெற்ற இயங்குதளம்தானா என்று சோதிக்கும் வங்கிச் செயலிகள் பல, இத்தகைய பேசிகளில் இன்றும் திறக்க மறுக்கின்றன.