ஏரியை மூடியவர்களும் கரையில் இருந்தவர்களும்



ஆற்றையும் கால்வாயையும் காப்பதற்காகவே குடிசைகளை அகற்றுகிறோம் என்கிறது அரசு. நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் வீடுகள்தாம். ஆனால் சென்னையின் நீர்நிலைகளுக்கு என்ன நடந்தது, அதை யார் செய்தார்கள் என்று பார்க்காமல், ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற பட்டத்தை நாம் சுமக்க முடியாது. இந்த நினைவு நாளில் அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டுவோம்.

இன்றைய தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் நகரத்தின் மேற்கு விளிம்பில் ஒன்றாய் நீண்டு கிடந்தன. ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1923இல் மாம்பலம் திட்டத்துக்காக அந்த ஏரி தூர்க்கப்பட்டது. ஆண்டது நீதிக்கட்சி. புதிய நகருக்கு அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் வைக்கப்பட்டது. 1921 புளியந்தோப்புக் கலவரத்தின்போது ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டு அகற்ற வேண்டும் என்று கோரியவர்களில் அவரும் ஒருவர். 1923இல் எம்.சி. ராஜா அக்கட்சியிலிருந்து வெளியேறினார். வகுப்புவாரி உரிமையில் நீதிக்கட்சியின் பங்கை நாம் மறுக்கவில்லை. இந்தக் கணக்கையும் மறக்கவில்லை. ஏரியை மனைகளாக்கி விற்றது அன்று ‘நகர வளர்ச்சி’ எனப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்று ஏரி இல்லை. லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது.

மயிலாப்பூருக்கு வருவோம். 1997இல் திருமயிலை வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. அது பொதுப் போக்குவரத்து. நம் மக்களும் அதில்தான் போகிறார்கள். நீரோட்டம் குறுகினாலும் ரயில் வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. அதே கால்வாயின் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், 2022 மே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அறுபது வயதை ஒட்டிய ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்றால், அதைச் சொல்ல ஓர் உயிர் ஏன் போக வேண்டும்?

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1990களில் அடையாறு கழிமுகத்தையொட்டி அண்ணல் அம்பேத்கருக்கு மணிமண்டபம் எழுப்ப அரசு முனைந்தபோது, உப்பங்கழி அழியும் என்று சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். கட்டடம் சிறு பரப்புக்குள் சுருக்கப்பட்டது. மற்ற நிலத்தில் 58 ஏக்கர் 2011இல் தொல்காப்பியப் பூங்காவானது. நம்மில் பலருக்கு அன்று கசந்தது. சுற்றிலும் மாளிகைகள் எழும்பியபோது வராத வழக்கு, அண்ணலுக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டோம். அந்தக் கேள்வி இன்றும் நியாயம்தான். ஆனால் அந்தக் கழிமுகம் மிஞ்சியதும் நல்லதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும்.

முடிவெடுப்பது எளிது என்று நாம் சொல்லவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் நகரம் தாகத்தில் தவிக்கும். 2019 கோடையில் அந்த ஏரி வறண்டதைக் கண்டோம். தேக்கி வைத்து மழை கொட்டினால் வெள்ளம். 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மூழ்கின. மனிதரால் விளைந்த பேரிடர் என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே கூறியது. மழையை யாராலும் துல்லியமாகக் கணிக்க முடியாது. கணிப்பு தவறினால் யார் நனைவார்கள் என்பது மட்டும் எப்போதும் முன்பே தெரிந்திருக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை மக்களைப் ‘பாதுகாப்பான இடம்’ என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில் உள்ளது அந்த இடம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலம், தென்சென்னையின் மழைநீர் வடியும் தாழ்நிலம். 2023 மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இடையில் போனது வேலையும் பிள்ளைகளின் பள்ளியும். வீட்டு வேலைக்கு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் நடந்து போன பெண்கள் இன்று பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

எனவே நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. முடிவு தவறினால் இழப்பைச் சுமக்கப்போகிறவர்கள், அந்த முடிவு எடுக்கப்படும் அவையில் முதலில் உட்கார வேண்டும். நீர்வழியை அளக்கும் கோல் குடிசைக்கும், அடுக்குமாடிக்கும், அரசின் தூணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இடித்த வாழ்க்கையைத் திரும்பக் கட்ட முடியாது. ஆகவே இடிப்பு கடைசி வழியாக இருக்க வேண்டும், மாற்று வீடு அதே பகுதியில் தயாரான பிறகே நடக்க வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பொதுநீரில் நமக்கும் பங்கு உண்டு என்பதை நிலைநாட்டிய நாள் அது. அந்தப் பங்கு குடிப்பதோடு முடிவதில்லை. குளத்தை என்ன செய்வது, ஆற்றை எப்படிக் காப்பது என்று முடிவெடுப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. கரையில் பிறந்தவர்கள் நாம். ஆற்றைக் காக்கும் பேச்சு நம்மை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

ஜெய்பீம்.