தங்கச் சுரங்கத்தில் பதிவான விண்வெளித் துகள்: கோலாரில் நியூட்ரினோ கண்டறியப்பட்டது எப்படி?

பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழும் காமா கதிர் வெடிப்புகளை நிலத்திலிருந்து நேரடியாகக் காண இயலாது. வளிமண்டலம் அக்கதிர்களை உறிஞ்சிவிடுவதால், செயற்கைக்கோள்களே அவற்றைப் பதிவு செய்கின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் இத்தகைய 500-க்கும் மேற்பட்ட வெடிப்புகளைக் கண்டறிந்துள்ளது.

நியூட்ரினோ துகளைத் தேடுவோரோ மேலே செல்லாமல், பூமிக்குள் இறங்க வேண்டியுள்ளது. அத்தேடலில் உலகிற்கு வழிகாட்டிய இடங்களில் ஒன்று, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல்.

காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்களும் நியூட்ரினோக்களும் உருவாகின்றன. நியூட்ரினோ பிற பொருள்களுடன் மிக அரிதாகவே வினைபுரியும். தரைமட்டத்தில் ஓயாது பொழியும் மியூவான்களுக்கிடையே அந்த அரிய நிகழ்வைப் பிரித்தறிய முடியாது. ஆழம் கூடக்கூட, பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவிச் செல்லும்.

ஹோமி பாபாவின் யோசனைப்படி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்தில் இங்கு மியூவான்களை அளவிட்டார். பின்னர் அந்நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. மேலிருந்து வரும் மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே அவ்வாழத்தை எட்டும். எனவே, பக்கவாட்டில் பாய்ந்த மியூவான், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்தது என அறியப்பட்டது.

இம்முடிவு 1965 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஃபிரெடெரிக் ரெய்ன்ஸ் குழு நடத்திய ஆய்வின் முடிவு சுமார் இரு வாரங்களுக்குப் பின் வெளிவந்தது. வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த பெருமை இரு குழுக்களுக்கும் உரியது. இதே வகை நியூட்ரினோக்களை ஆராய்ந்த ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே 1998-இல் அவற்றிற்கு நிறை உண்டு என்பதற்குச் சான்றளித்தது. அதற்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த இச்சுரங்கங்கள் நலிவுற்றதால், 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களும் மூடப்பட்டன. மாற்றாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் பாதிக்கப்படும் என எதிர்ப்பு எழுந்தது. அனுமதி வழங்க இயலாது எனத் தமிழக அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.