மனைப்பிரிவு மழைநீர் வடிகால் (சென்னைப் புறநகர்)

விளைநிலம் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படும்போது, அங்கே பெய்யும் மழையையும் மேட்டுப்பகுதியிலிருந்து அந்நிலத்தின் வழியே இறங்கும் வெள்ளத்தையும் சேதமின்றி வெளியேற்றும் ஏற்பாடு மனைப்பிரிவு மழைநீர் வடிகால் எனப்படும். சென்னைப் புறநகரில் இது பழைய ஏரிப்பாசன அமைப்போடு பிணைந்தது.

ஏரித்தொடர்

சென்னையை உள்ளடக்கிய தொண்டைமண்டலம் சரிவு குறைந்த சமவெளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்க ஊர்தோறும் கரை எழுப்பி ஏரி அமைத்தனர். மேல் ஏரி நிரம்பினால் மிகைநீர் கரையிலுள்ள வழிந்தோடியான கலிங்கில் வழிந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்காலான வரத்துக்காலில் சேரும். கலிங்கின் தலையில் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். பருவம் முடியும் தறுவாயில் அவற்றின் இடையே பலகையும் மண்ணும் அடைத்துக் கூடுதலாக நீர் தேக்குவர். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவர். ஏரிகளைக் கவனித்த ஊர்க்குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்த முறையை முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) விரிவாகக் கூறுகின்றன.

வரத்துக்காலில் ஆண்டுக்குச் சில வாரங்களே நீர் ஓடும். மற்ற நாட்களில் அது முள் மண்டிய வெறும் பள்ளம். கோடையில் மனை பார்க்க வருபவர் கண்ணுக்கு வாய்க்காலாகவே படாது. வருவாய்க் கணக்கில் ஓடைப் புறம்போக்கு எனக் குறிக்கப்பட்டவை ஓரளவு தப்பின. பட்டா நிலத்தின் குறுக்கே வழக்கமாக ஓடிவந்த சிறுகால்கள் பல மனைகளுக்குள் மறைந்துவிட்டன. புறநகர் வெள்ளத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வெள்ளக் கணக்கு

1 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 33. வயலாக இருந்தவரை வரப்பு அதில் பெரும்பங்கைத் தடுத்து நிறுத்தியது. மாடித்தளமும் தார்ச்சாலையும் ஏறக்குறைய முழுவதையும் உடனே தெருவில் இறக்கிவிடும். 2015 டிசம்பர் 1 காலை முதல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது.

மண் கொட்டி மனையை மேடாக்குவது பரவலான வழக்கம். நீர் அப்போது பழைய குடியிருப்புக்குப் போகும்; பக்கத்துத் தெருவின் செலவில் கிடைக்கும் வசதி இது.

விதிகள்

மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. களிமண் பகுதியில், பருவத்தில் நிலத்தடி நீர் மேலேறிய பின் மழைநீரை நிலத்தில் இறக்கும் சேகரிப்புக் குழிகளால் வெள்ளம் அதிகம் குறையாது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019) பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கக் கோருகின்றன. வெள்ளம் தேங்கக்கூடிய இடங்களுக்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று தேவை. வடிகால், சிறுபாலம் ஆகியவற்றோடு நிலத்தை எந்த மட்டம்வரை உயர்த்த வேண்டும் என்பதும் அச்சான்றிலேயே நிபந்தனையாக வருவதுண்டு.

தற்போதைய நிலை

தென் புறநகரின் வெள்ளநீர் வந்து சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது. கோவளம், கொசஸ்தலையாறு வடிநிலங்களில் வெளிநாட்டுக் கடனுதவியுடன் வடிகால் பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன.