கிணறு வெட்டச் சொன்ன மருத்துவம்

"நாள்தோறும் நடந்து வாருங்கள்" என்று மருத்துவர் அறிவுறுத்துவது புது வழக்கமென நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. பழம்பெரும் மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, நீரிழிவு கண்ட வறியோரைக் காலணியும் குடையுமின்றி நெடுந்தொலைவு நடக்கவும், வேறு சிலரைக் கிணறு வெட்டவும் பணித்தது.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் கிணறு வெட்டுவது மருந்தாக அன்று, வாழ்வாகவே இருந்தது. வானம் பார்த்த மண்ணில் உழவர் பாறை பிளந்து நீர் கண்டனர். கவலை ஓட்டி இறைத்தனர். மின்சார மோட்டார் வந்தது; கவலை ஓய்ந்தது. இன்று திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் நாடெங்கும் துளையிடுகின்றன. நாமக்கல் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. ஓட்டுநர் மட்டும் அமர்ந்தே இருக்கிறார்.

அதன் விலையை இலண்டனில் ஜெரமி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. ஈரடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநரைவிட, அமர்ந்திருந்த ஓட்டுநரிடமே இதயநோய் மிகுந்திருந்தது. உடலுழைப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென அவர் கருதினார்.

வாரம் 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசும் 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. எனினும், இரவும் பகலும் வண்டியோட்டுபவருக்கு அறிவுரை மட்டும் போதுமா? நேரமும் இடமும் வேண்டாமா?

உடல் தூய ஆவியின் ஆலயமெனப் பவுலடியார் கற்பித்தார். அவ்வாலயத்தைப் பேணும் கடமை நோயாளி ஒருவருக்கே உரியதன்று. நம் பங்குகளின் மைதானங்கள் காலை மாலைகளில் அனைவருக்கும் திறக்கட்டும். வண்டி உரிமையாளராயுள்ள நம்மவர் ஓட்டுநருக்கு இறங்கி நடக்க நேரம் அளிக்கட்டும். அப்போதே மருத்துவரின் சொல் மருந்தாகும்.